மாமியார் பக்கத்துல இருக்கும்போது ‘வாழ்க்கைத் தரம்’ தாளை எப்படி நெரப்புறது?

மல்லிப்பந்தல் | செவ்வாய், இரவு 10:42

எல்லாருக்கும் வணக்கம். அவனியாபுரம் பக்கம் இருக்கேன், வயசு 33. கல்யாணம் ஆகி ஆறு வருசம். மூணு வருசமா வைத்தியம் பாத்துக்கிட்டிருக்கோம். ரெண்டு ஐயூஐ (விந்தணுவ நேராக் கருப்பைக்குள்ள வைக்கிறது) முடிஞ்சிருச்சு, அடுத்து ஐவிஎஃப், அதான் டெஸ்ட் டியூப் முறைனு சொல்லிட்டாங்க. இன்னைக்கு வைத்தியத்தப் பத்திக் கேக்க வரல, ஒரு தாளைப் பத்திக் கேக்கணும்.

போன வியாழக்கிழமை ஆஸ்பத்திரில டோக்கன் போட்டு உக்காந்திருந்தோம். ஒரு நர்ஸ் பொண்ணு வந்து ஃபைலோட ஒரு தாளையும் பேனாவையும் குடுத்துச்சு. “அக்கா, டாக்டர் கூப்புடுறதுக்குள்ள நெரப்பிருங்க.” மேல ‘குழந்தையின்மையும் வாழ்க்கைத் தரமும்’னு போட்டிருந்துச்சு. மொத்தம் 36 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு கட்டம், ஒண்ணுல டிக் அடிக்கணும்.

எனக்கு இடது பக்கம் எங்க அத்தை. தூக்குவாளிய மடில வச்சுக்கிட்டு நான் எழுதுறதையே பாத்துக்கிட்டிருந்தாங்க. எழுத்துக் கூட்டி வாசிப்பாங்க. ‘குழந்தை பெற்றுக்கொள்ளும்படி மற்றவர்களால் உங்களுக்கு நெருக்கடி உண்டா’ன்னு ஒரு கேள்வி. அத்தை அதைப் படிச்சிட்டு, “என்னத்தா இது, நம்ம வீட்டுல யாரு நெருக்குனது?”ன்னாங்க. ‘இல்லவே இல்லை’னு அடிச்சேன். ‘குடும்பத்தினர் உங்கள் நிலையைப் புரிந்துகொள்கிறார்களா’ன்னு அடுத்தது. ‘முழுமையாக’. தாம்பத்திய உறவுல திருப்தியா இருக்கீங்களான்னும் ஒரு கேள்வி இருந்துச்சு. அத்தை கண்ணு அங்க வர்றதுக்குள்ள என்ன அடிச்சேன்னே தெரியாம அடிச்சிட்டுத் தாளைத் திருப்பிட்டேன்.

எங்க வீட்டுக்காரவுக வெளிய போன் பேசிக்கிட்டிருந்தாக. “அண்ணனோடதையும் நீங்களே போட்டுருங்கக்கா, லேட்டாகுது”ன்னுச்சு அந்தப் பொண்ணு. போட்டேன்.

கால்குலேட்டர்ல தட்டிப் பாத்துட்டு, “76 வருதுக்கா, நல்லா இருக்கீங்க”ன்னு சிரிச்சுக்கிட்டே ஃபைல்ல பின் பண்ணிட்டுப் போயிருச்சு.

அதுக்கு நாலு நாளைக்கு முன்னாடிதான் செக்கானூரணில சித்தி மக வளைகாப்பு. சந்தனக் கும்பாவ வரிசையாக் குடுத்துக்கிட்டே வந்தாக. என்கிட்ட வரும்போது பெரியம்மா அதைக் கைல வாங்கி எனக்கு அந்தப் பக்கம் இருந்த பொண்ணுகிட்டக் குடுத்துட்டாக. “நீ அடுத்த தடவை பூசலாம்த்தா, ஒனக்குப் பூசுற நாளும் வரும்”னு பாசமாத்தான் சொன்னாக. நான் எந்திரிச்சுப் போயி கலவை சாதம் கிண்டுன குண்டாவெல்லாம் கழுவ ஆரம்பிச்சேன். புளியோதரைச் சட்டில அடிப்பிடிச்சதை ரொம்ப நேரமாச் சுரண்டிக்கிட்டே இருந்தேன். அந்த மனுசிக்கு 76ஆ?

இந்தத் தாளு என்னத்த அளக்குது? இதுனால யாருக்கு என்ன லாபம்? திரும்ப எழுதித் தரலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

புள்ளிக்கணக்கு | செவ்வாய், இரவு 11:30

சகோதரி, நீங்கள் சொல்லும் 36 கேள்வியும் அஞ்சு கட்டமும் பார்த்தால் அது ஃபெர்ட்டிக்யூஓஎல் என்ற கேள்வித்தாள். நான் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பவன், மருத்துவன் அல்ல. ஆய்வு மாணவர்களுக்காக இதே கணக்கை உட்கார்ந்து போட்டிருக்கிறேன்.

கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் ஜாக்கி பாய்வின், அவரோடு ஜேனட் டேக்ஃப்மன், ஆண்ட்ரியா பிரேவர்மன் ஆகிய உளவியல் அறிஞர்கள் உருவாக்கி 2011இல் வெளியிட்டார்கள். ஐரோப்பிய, அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கங்கள் இரண்டும் அதற்குப் பின்னால் நின்றன. அதுவரை சர்க்கரை நோயாளிக்கும் மூட்டுவலிக்காரருக்கும் கேட்கிற பொதுக் கேள்விகளையேதான் குழந்தையில்லாதவர்களிடமும் பெரும்பாலும் கேட்டார்கள். ‘படி ஏற முடிகிறதா, வலி இருக்கிறதா’ என்று கேட்டால் உங்களுக்கு எல்லாமே நன்றாகத்தான் வரும். வளைகாப்பு வீட்டில் நடந்தது அதில் எங்கே வரும்?

24 கேள்விகள்தான் மையம். அதில் மனவேதனைக்கு 6, உடலும் மனமும் சேர்ந்த சோர்வுக்கு 6, கணவன் மனைவி உறவுக்கு 6, சுற்றத்தார் சமூகத்துக்கு 6. இன்னும் 10 கேள்வி சிகிச்சையைப் பற்றியது, சிகிச்சை எடுப்பவர்களுக்கு மட்டும். மிச்சம் இரண்டும் உடல்நலம், மொத்த வாழ்க்கை பற்றிய பொதுக் கேள்விகள், அவை கூட்டலில் சேராது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். சில கேள்விகள் நல்லதைக் கேட்கும், சில கெட்டதைக் கேட்கும், அதனால் திருப்ப வேண்டியதைத் திருப்பி, எண் கூடினால் வாழ்க்கை நன்றாக இருக்கிறது என்று ஆக்கிக்கொள்வார்கள். கூட்டி வந்ததை 25ஆல் பெருக்கிக் கேள்விகளின் எண்ணிக்கையால் வகுத்தால் 0 முதல் 100க்குள் வரும். ஒரு பகுதியின் ஆறு கேள்விக்கும் 2 போட்டிருந்தால் கூட்டல் 12, மதிப்பெண் 50.

பள்ளிக்கூடத்து மார்க் மாதிரி 35 எடுத்தால் பாஸ் என்பது இதில் கிடையாது. அந்த நர்ஸ் ‘நல்லா இருக்கீங்க’ என்று சொன்னதுதான் தவறு. மொத்த எண்ணை மட்டும் பார்த்ததும் தவறு. நான்கு பகுதியையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் எங்கே புண் இருக்கிறது என்று தெரியும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, உங்களைத் தனியாக எழுத விடாதது. உங்கள் கணவருடையதை உங்களையே எழுதச் சொன்னதும். அந்த இரண்டு தாளிலும் இருப்பது வெறும் எண். அளவு என்று அதைச் சொல்ல முடியாது.

ஒத்தையடிப்பாதை | புதன், காலை 6:15

படிச்சவங்க சொல்றீங்க, கேட்டுக்கிறேன். ஆனா எனக்கு மனசு ஆறல. உசிலம்பட்டிப் பக்கம் இருந்த மூணு சென்ட் இடத்த வித்துத்தான் வைத்தியம் பாத்தோம். மதினி நகையெல்லாம் அடகுல கெடக்கு. கேள்வி கேட்டுக் கூட்டிக் கழிச்சா புள்ள வந்துருமா? அந்தப் பத்து நிமிசத்துல டாக்டர் எங்ககிட்ட நின்னு பேசியிருந்தா அது போதும். எங்களுக்கும் இந்த மாதிரி ஒண்ணு குடுத்தாய்ங்க. 36 கேள்வில கடனைப் பத்தி ஒரு கேள்வி இல்ல. ராத்திரி நாங்க தூங்காததுக்குக் காரணமே வட்டிதான்.

புள்ளிக்கணக்கு | புதன், காலை 8:05

நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. அந்தத் தாளில் செலவைப் பற்றிக் கேள்வி இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 26 கேள்விப் பொதுத் தாளில், தேவைக்குப் போதுமான பணம் இருக்கிறதா என்று ஒன்று உண்டு. நம் ஊரில் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதுதான் நியாயம். நகைக்கடனை விட்டுவிட்டு இங்கே வாழ்க்கைத் தரத்தை எப்படி அளப்பது?

குழந்தை வருமா என்று கேட்டீர்கள். தாளால் வராது. ஆனால் இந்த வேதனை எவ்வளவு பெரியது என்று மருத்துவ உலகத்தை நம்பவைத்ததே இந்த மாதிரித் தாள்கள்தான். 1993இல் அமெரிக்காவில் ஆலிஸ் டோமர் என்பவரும் அவர் குழுவும், குழந்தையின்மைக்குச் சிகிச்சைக்கு வந்த பெண்களுக்கும் வேறு நோயாளிகளுக்கும் ஒரே கேள்வித்தாளைக் கொடுத்து ஒப்பிட்டார்கள். இந்தப் பெண்களின் பதற்றமும் மனச்சோர்வும் புற்றுநோயாளிகளுக்கும் இதய நோயாளிகளுக்கும் இருக்கும் அளவுக்கு இருந்தன. அதற்குமுன் ‘இதெல்லாம் ஒரு நோயா, உசுருக்கா ஆபத்து’ என்று எளிதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். இப்போதும் சொல்கிறார்கள். 2023இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட கணக்குப்படி உலகில் வயதுவந்தவர்களில் 17.5 சதவீதம் பேர், அதாவது ஏறக்குறைய ஆறில் ஒருவர், வாழ்நாளில் எப்போதாவது குழந்தையின்மையைச் சந்திக்கிறார்கள்.

சுங்குடி | புதன், மதியம் 2:20

நான் கவுன்சிலரா வேலை பாக்குறேன். எங்க ஆஸ்பத்திரி பேரு வேணாம். மல்லிப்பந்தல் எழுதுனதைப் படிச்சுட்டு ரொம்ப வருத்தமாப் போச்சு, ஏன்னா நாங்களும் ஆரம்பத்துல இதே மாதிரித்தான் வராண்டால வச்சுக் குடுத்துக்கிட்டிருந்தோம். இப்ப தனி அறை. கணவரை ஒரு அறைல, மனைவியை ஒரு அறைல. வாசிக்கத் தெரியாதவங்களுக்கு நானே வாசிச்சுக் காட்டுவேன், வீட்டாளுங்க யாரும் உள்ள வரக்கூடாது. மாமியார்கள் கோவிச்சுக்குவாங்க. கோவிச்சுக்கட்டும்.

இதுல யாரும் பேசாத ஒரு விசயம் சொல்லணும். மொழிபெயர்ப்பு. ஒரு கேள்வி, குழந்தையில்லாததால பொறாமையும் மனக்கசப்பும் வருதான்னு கேக்கும். இங்கிலீஷ்ல அது சாதாரணக் கேள்வி. நம்ம ஊர்ல குழந்தை இல்லாதவளப் பாத்து ஊரு சொல்ற முதல் பழியே ‘கண்ணு வச்சிருவா’ங்கிறதுதான். பச்சைக் குழந்தையத் தூக்கப் போனா வெடுக்குனு வாங்கிட்டு உள்ள போயிருவாங்க. அந்தப் பழியச் சுமக்குறவகிட்ட ‘உனக்குப் பொறாமை வருதா’ன்னு தாள்ல கேட்டா அவ என்ன எழுதுவா? நூத்துல நூறு ‘இல்லவே இல்லை’தான். உடனே அவளுக்கு 4 மார்க். அவ வேதனைக்கு நாம குடுக்குற பரிசு அது.

நான் வாய்வழியாக் கேக்கும்போது ஒரு தடவை ‘ஏக்கமா இருக்குமா’ன்னு கேட்டுப் பாத்தேன். எல்லாரும் ஆமான்னு அழுதுட்டாங்க. ஆனா ஏக்கம் வேற, பொறாமை வேற. கேள்வியே மாறிருச்சு. அப்ப அந்த எண்ண வேற ஊரு எண்ணோட வச்சுப் பாக்க முடியாது. இப்ப, ‘அடுத்தவங்க குழந்தையப் பாக்கும்போது, நமக்கு இல்லாம இவங்களுக்கு மட்டும் ஏன்னு மனசு கசக்குமா’ன்னு கேக்குறேன். நெறைய பேரு கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு ‘கசக்கும்’னு சொல்றாங்க. முறைப்படி செய்யணும்னா தமிழாக்கி, அந்தத் தமிழ வேற ஒருத்தர் திரும்ப இங்கிலீஷாக்கி, ரெண்டையும் ஒத்துப் பாத்து, அப்புறம் மேலூர்லருந்து வர்ற அக்காவுக்கும் கே.கே.நகர் பொண்ணுக்கும் வாசிச்சுக் காட்டி ‘உங்களுக்கு என்ன புரிஞ்சுச்சு’ன்னு கேக்கணும். நாம அந்தக் கடைசி வேலையத்தான் விட்டுர்றோம்.

ஒத்தையடிப்பாதை அண்ணே, ஒண்ணு மட்டும். 2021ல வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி ஐவிஎஃப் செய்ற இடத்துல கவுன்சிலிங் குடுத்தே ஆகணும். கேட்டு வாங்குங்க. ராத்திரி தூக்கம் வராம மனசு வேற பக்கம் போச்சுன்னா 14416க்குப் போடுங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், காசு கெடையாது, தமிழ்லயே பேசலாம், நடுராத்திரியும் எடுப்பாங்க.

வைகைவாசி | புதன், இரவு 9:50

மூன்று நாளாக எழுதலாமா வேண்டாமா என்று இருந்த ஒன்றை இந்த இழையைப் பார்த்ததும் எழுதிவிடுகிறேன்.

குறை என்னிடம்தான். விந்தணு எண்ணிக்கை பூஜ்யம். முதல் இரண்டு வருடம் எனக்கு டெஸ்டே எடுக்கவில்லை, அவளுக்குத்தான் ஸ்கேன், ஊசி, மாத்திரை எல்லாம். ரிப்போர்ட் வந்த பிறகும் வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. ஊரில் முளைப்பாரி எடுத்த அன்றைக்கு என் பெரியம்மாவே அவளை அந்த வார்த்தை சொல்லித் திட்டினார். இரண்டடி தள்ளித்தான் நின்றேன். தலை குனிந்தபடி பாரியை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். நான் வாய் திறக்கவில்லை.

எங்களுக்கும் இதே தாள் கொடுத்தார்கள், தனித்தனியாக. எனக்கு 81. அவளுக்கு 33. டாக்டர் இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “ஒரே வீட்டுலதான் இருக்கீங்களா?” என்று கேட்டார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவளுடைய தாளில் சுற்றத்தார் பகுதிதான் அதலபாதாளத்தில் இருந்தது. அந்த அடியெல்லாம் எனக்கு விழுந்திருக்க வேண்டியது, எனக்குப் பதிலாக அவள் வாங்கிக்கொண்டிருந்தாள். அதனால்தான் எனக்கு 81.

அந்த வாரமே அப்பாவிடம் சொன்னேன். அழுதார். பெரியம்மாவிடம் அவரே போய்ச் சொன்னார். இப்போது அவளை யாரும் எதுவும் சொல்வதில்லை. என்னைப் பார்க்கிற பார்வை மாறியிருக்கிறது, அது இருக்கட்டும். ஆறு மாதம் கழித்துத் திரும்ப எழுதியபோது என் எண் இறங்கியிருந்தது, அவளுடையது ஏறியிருந்தது. என் எண் இறங்கியதில் எனக்கு ஒரு நிம்மதி.

ஒத்தையடிப்பாதை சொன்ன கோபம் எனக்கும் இருந்தது. ஆனால் இரண்டு தாளைத் தனித்தனியாக எழுதியிராவிட்டால் நான் இன்றும் இரண்டடி தள்ளியேதான் நின்றிருப்பேன்.

ஒத்தையடிப்பாதை | புதன், இரவு 10:30

தம்பி, கையக் குடு. வேற என்ன சொல்றதுன்னு தெரியல.

அழகர்மலை அக்கா | வியாழன், மதியம் 3:40

எனக்கு 54 வயசு. மேலூர்ப் பக்கம் தையக் கடை வச்சிருக்கேன். 2012ல வைத்தியத்த நிறுத்துனோம். அதுவரைக்கும் திருப்பரங்குன்றத்துல சஷ்டி விரதம், ராமேஸ்வரத்துல தீர்த்தம், மரத்துல தொட்டில், எதையும் விடல. அந்தக் காலத்துல இந்தத் தாளெல்லாம் எங்களுக்கு யாரும் குடுக்கல.

என் கேள்வி இதுதான். வைத்தியத்துல இருக்குறவங்கள அளக்குறீங்க. நிறுத்துனவங்கள யாரு அளக்குறா? மாசாமாசம் நாள் எண்ணிக்கிட்டிருந்தப்பகூட ஒரு பிடிமானம் இருந்துச்சு. நிறுத்துன முத ரெண்டு வருசந்தான் எனக்கு ரொம்ப மோசம். ஆஸ்பத்திரி ஃபைல மூடுன அன்னையோட நம்மளப் பத்திக் கேக்க ஆளே இல்ல.

வருசா வருசம் மே மாசம் பள்ளிக்கூட யூனிஃபார்முக்கு அளவு எடுப்பேன். ஒண்ணாப்புப் புள்ளைக டேப்ப மார்ல சுத்துனா கூச்சத்துல நெளியும், சிரிக்கும். 2013 மே மாசம் ஒரு புள்ள என் கழுத்தக் கட்டிக்கிச்சு. அளவு எழுத முடியல. கடையச் சாத்திட்டு வீட்டுக்குப் போயிட்டேன், ரெண்டு நாளு தொறக்கல. இப்ப அந்த மாதிரிப் புள்ளைக எத்தனையோ வருது, கையி நடுங்குறதில்ல. போன மாசம் ஒரு புள்ள பல்லு விழுந்ததக் காட்டுச்சு, நானும் சேந்து சிரிச்சேன். இந்த வித்தியாசத்துக்கு உங்க தாள்ல எத்தன மார்க்கு?

புள்ளிக்கணக்கு | வியாழன், மாலை 5:10

அக்கா, சிகிச்சைப் பகுதியை விட்டுவிட்டு அந்த 24 கேள்வியை மட்டும் நிறுத்தியவர்களுக்கும் கொடுக்கலாம், அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். ஆனால் நிறுத்தியவர்கள் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை, தாள் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது. நீங்கள் கேட்டது ஆய்வுக்காரர்கள் எல்லாருக்குமான கேள்வி. 2013இலும் போன மாதமும் ஒரே தாளை நீங்கள் எழுதியிருந்தால் அந்த வித்தியாசம் மனவேதனைப் பகுதியில் தெரிந்திருக்கும். கழுத்தைக் கட்டிக்கொண்டது தெரிந்திருக்காது.

மல்லிப்பந்தல் | ஞாயிறு, இரவு 11:05

எல்லாருக்கும் நன்றி. சுங்குடி அக்கா தனியா எழுதச் சொல்லி மெசேஜ்ல கேள்விகளை அனுப்பியிருந்தாங்க. நேத்து ராத்திரி அவுகளும் நானும் மொட்டைமாடில ஆளுக்கொரு மூலைல உக்காந்து எழுதுனோம். புள்ளிக்கணக்கு சார் சொன்னபடி கணக்குப் போட்டேன்.

எனக்கு மனவேதனை 29, சோர்வு 46, உறவு 79, சுற்றத்தார் 25. மொத்தம் 45. ஆஸ்பத்திரி ஃபைல்ல இருக்குற 76 எங்க, இது எங்க.

அவுகளுக்கு மனவேதனை 54, சோர்வு 67, சுற்றத்தார் 63. உறவு 58. அந்த எடத்துலதான் நான் ஆடிப் போயிட்டேன். நான் 79 போட்டிருக்கேன், அவுக 58. அன்னைக்கு அவுகளுக்காக நான் எழுதுனப்ப அந்தப் பகுதிக்கு எல்லாமே முழு மார்க்குப் போட்டிருந்தேன்.

எந்தக் கேள்வின்னு தேடிப் பாத்தேன். இதைப் பத்தி உங்க துணைகிட்டப் பேசுறது கஷ்டமா இருக்கான்னு கேட்டதுக்கு ‘மிக அதிகமாக’ன்னு அடிச்சிருக்காக. ஏன்னு கேட்டேன். ரொம்ப நேரம் தண்ணித் தொட்டியவே பாத்துக்கிட்டிருந்தாக. அப்புறம் சொன்னாக: “டேட் வந்த அன்னைக்கெல்லாம் நீ பாத்ரூம்ல பைப்பத் தொறந்துவிட்டு அழுவுற. நான் வாயத் தொறந்தா நீ இன்னும் அழுவியோன்னு பயம். ஐவிஎஃப் வேணாம், கொஞ்ச நாளு விடுவோம்னு சொல்லணும்னு தீபாவளிலருந்து நெனச்சுக்கிட்டிருக்கேன்.”

எனக்கும் அதேதான் தோணுச்சு. அவுகளுக்கு ஆசைன்னு நெனச்சுத்தான் நான் சரி சரின்னு தலையாட்டிக்கிட்டிருந்தேன். ஆறு வருசம் ஒரே பாய்ல படுத்துக்கிட்டு இதைப் பேசல.

அத்தை காலைல தாளப் பாத்துட்டாங்க. ‘குடும்பத்தினர் புரிந்துகொள்கிறார்களா’ங்கிற கேள்வில விரல வச்சு, நான் அடிச்ச கட்டத்தையும் வாசிச்சாங்க. திட்டப் போறாங்கன்னு நெனச்சேன். “எங்க மாமியா என்னைய மூணு வருசம் இதே மாதிரிப் படுத்துனா. எனக்கும் ஒரு தாளு குடுக்கச் சொல்லுத்தா”ன்னுட்டு வாசத் தெளிக்கப் போயிட்டாங்க. பின்னாடியே போனேன். முதுகக் காட்டிக்கிட்டே கோலம் போட்டாங்க, திரும்பல.

வியாழக்கிழமை அப்பாயின்ட்மென்ட். பழைய தாளை எடுத்துட்டு இதை வைக்கச் சொல்லணும், முதல்ல கவுன்சிலர் அறை, அப்புறந்தான் டாக்டர். ஐவிஎஃப்ப ஆடி, ஆவணி தாண்டித் தள்ளிவைக்கலாமான்னு கேக்கலாம்னு இருக்கோம். எனக்கு 33தான், ஆனா முட்டைக் கையிருப்பு கம்மின்னு சொன்னாங்க, அதுனால தள்ளிவச்சா என்ன ஆகும்னு தெளிவாக் கேட்டுக்கணும். வேற என்ன கேக்கணும், சுங்குடி அக்கா?

சுங்குடி | திங்கள், காலை 7:20

தள்ளிவச்சா வாய்ப்பு எவ்வளவு குறையும்னு உங்க ஏஎம்எச் ரிப்போர்ட்ட (முட்டைக் கையிருப்பக் காட்டுற ரத்தப் பரிசோதனை) வச்சு எண்ணாவே சொல்லச் சொல்லுங்க, ‘பாத்துக்கலாம்’னு சொன்னா விடாதீங்க. அந்தப் பேச்சுல அண்ணனும் கூட உக்காரணும், போனை உள்ள எடுத்துட்டுப் போக வேணாம். தாளை மூணு மாசம் கழிச்சுத் திரும்ப எழுதி ரெண்டையும் வச்சுப் பாருங்க. அத்தையைக் கூட்டிட்டு வாங்க. வெளிய உக்கார வைக்க வேணாம், கடைசிப் பத்து நிமிசம் அவங்களத் தனியா உள்ள விடச் சொல்லி அந்தக் கவுன்சிலர்கிட்ட முன்னாடியே சொல்லிவைங்க.